டாக்டரிடமே ஐசி கேட்டவள்

உலு திராம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கிளினிக் சீருடை, மற்றவள் தொழிற்சாலைச் சீருடை.

"எங்க கிளினிக் கவுண்டர்ல இருக்கிற மேரி, டாக்டர்கிட்டயே ஐசி கேட்டுட்டா."

டாக்டரிடமே அடையாள அட்டையா? நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"அலமாக், ஏன்?"

"மெர்சிங் படகுத்துறையில அவரோட போன் கடல்ல விழுந்துருச்சு. வேற நம்பர்லருந்து கூப்பிட்டு, கிளவுட்ல இருக்கிற பேஷண்ட் ஃபைல் திறக்கப் புது பாஸ்வேர்ட் கேட்டாரு. நேர்ல வந்து ஐசி காட்டுங்கன்னுட்டா."

"திட்டலையா?"

"திட்டிக்கிட்டேதான் ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தாரு."

"நானா இருந்தா குரலைக் கேட்டதுமே கொடுத்திருப்பேன் லா."

"நானுந்தான். அது போன மாசம். போன வாரம் டாக்டரோட அதே குரல்ல, பாஸ்வேர்ட் கேட்டு இன்னொரு கால் வந்துச்சு. மேரி ஸ்பீக்கர்ல போட்டா. டாக்டர் அவ பக்கத்துலதான் நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு."