முட்டி போட்டவரைச் சுடாது

இந்தப் பார்லித் தண்ணீர் நன்றாக இருக்கிறது, மேடம். பதமாக வறுத்துக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் கொடுப்பது வெறும் வெந்நீர். அதற்குப் பார்லியைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். விசாரணை அறையில் இப்படி ஒரு கோப்பை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால், வக்கீல் வைத்து நான்கு மாதம் இழுத்தடித்திருக்க மாட்டேன்.

என் பெயர் மேங் தோ-யூன். வயது ஐம்பத்தெட்டு. ஹேசோல் காவல் இயந்திரங்கள் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவின் இயக்குநர். பத்திரிகைகளில் "ஆயுத வியாபாரி" என்று போட்டிருக்கிறார்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "மீன் வியாபாரின்னு போட்டிருந்தாக்கூட மாடிப்படியில நாலு பேரு முகம் கொடுத்துப் பேசுவாங்க," என்றாள். நான் நாய் விற்றேன், மேடம். இரும்பு நாய். அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஜின்தோ-4 என்று பெயர், நம் ஊர் நாயின் பெயரையே வைத்தோம். நான்கு கால், முதுகில் துப்பாக்கி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கண். யாரைச் சுடுவது, யாரை விடுவது என்று அதுவே முடிவு செய்யும். சரணடைகிறவனைச் சுடக் கூடாது என்று உலகச் சட்டம் சொல்கிறது. நாங்கள் சட்டத்துக்குப் பயந்தவர்கள். ஆகவே சரணடைகிறவன் எப்படி இருப்பான் என்று நாய்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

பல நாடுகளுக்குப் போய்ப் பல விதமான மனிதர்களைப் படம் பிடித்து வரலாம் என்றார்கள் பொறியாளர்கள். யார் வீட்டுக் காசு? "எதுக்கு அலையணும்? நம்ம விளையாட்டு நாள் வருது. நானூறு பேரு மைதானத்துல நிப்பாங்க. அவங்களையே பிடிச்சுக்குங்க," என்று நான்தான் சொன்னேன். அந்த வருடம் சிக்கனத்துக்கான பாராட்டுப் பட்டயம் எனக்குக் கிடைத்தது. அது இன்னும் என் அறைச் சுவரில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் சோதனை போட்டபோது அதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு நல்ல வெயில். பன்றி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள், அரிசிக் கள் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னோம்: "உங்களைச் சுடப் போறாங்கன்னு நினைச்சுக்குங்க. உயிரோட விடச் சொல்லிக் கேளுங்க." ஒருவரும் அசையவில்லை. எங்கள் கம்பெனியில் யாரும் எதையும் முதலில் செய்ய மாட்டார்கள். அப்போது எங்கள் தலைவர் தாக், எண்பத்தொரு வயது, இரண்டு கிண்ணம் உள்ளே போயிருந்த உற்சாகத்தில் புல்லில் பொத்தென்று முட்டி போட்டார். இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டு, "ஐயையோ, தெரியாம பண்ணிட்டேன், இந்த ஒரு தடவை விட்டுடுங்க," என்றார். பிரம்பெடுத்த அம்மாவுக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் செய்து வளர்ந்ததுதான்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். தலைவர் முட்டி போட்டிருக்கும்போது எவன் நிமிர்ந்து நின்று கையைத் தூக்குவான்? நானூற்றுப் பன்னிரண்டு பேரும் முட்டி போட்டார்கள், தேய்த்தார்கள். வாதம் பிடித்த முழங்காலோடு விழுந்த சம்பளப் பிரிவு அம்மாள் வலியில் நிஜமாகவே அழுதார். அவருடைய படம் மிகத் தரமானது என்று பொறியாளர்கள் பாராட்டினார்கள்.

பிறகு வடம் இழுக்கும் போட்டி. ஜெயித்த அணி இரண்டு கையையும் மேலே தூக்கி மூன்று முறை "மான்ஸே" என்று கூவியது, வழக்கம் போல. கேமராக்கள் அதையும் எடுத்துக்கொண்டன. நாயின் பாடத்தில் அது "வெற்றிக் கொக்கரிப்பு, அடுத்துப் பாய்வான்" என்று ஏறிவிட்டது.

கையைத் தூக்கினால் சரண் என்று சினிமா பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நாய் சினிமா பார்த்ததில்லை. அது எங்களைத்தான் பார்த்தது.

இதைக் கண்டுபிடித்தவள் பியோன் ஹே-சுக். சோதனைப் பிரிவுப் பொறியாளர், என் கல்லூரியில் எனக்குப் பல வருடம் ஜூனியர். அவள் கல்யாணத்தை முன்னின்று நடத்தி வைத்ததே நான்தான். நேர்மையைப் பற்றிப் பதினொரு நிமிடம் பேசினேன். மாப்பிள்ளை வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் ஒருநாள் கதவைக்கூடத் தட்டாமல் வந்து நின்றாள்.

"சார், பொம்மைக்குக் கையைத் தூக்கி வச்சேன். சுட்டுடுச்சு."

"எத்தனை தடவை?"

"நூறு தடவை வச்சேன். நூறு தடவையும்."

"பரவாயில்லையே, ஒரு தடவைகூடக் குறி தப்பலையே," என்றேன். அவள் சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைவு.

திருத்துவதற்கு எட்டு மாதம் கேட்டாள். கப்பல் மூன்று வாரத்தில் கிளம்ப இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கோளாறுக்குக் காரணம் என்ன என்று கோப்பில் எழுத வேண்டும். தலைவர் தப்பாகச் சரணடைந்தார் என்று எழுத எங்கள் கம்பெனியில் யாருக்குத் துணிச்சல் உண்டு? பூனைக்கு யார் மணி கட்டுவது? நான் புத்தியோடு ஒரு வழி கண்டேன். கையேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "எதிர்த்தரப்பினர் முழந்தாளிட்டு உள்ளங்கைகளைத் தேய்ப்பது அவர்களுக்கு நல்லது." அச்சில் பார்க்க அடக்கமாக, அழகாகவே இருந்தது.

வாங்கிய நாட்டின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது, இரு கரைக்கும் சண்டை, அது போதும். முதல் கப்பல் வடகரைக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்துப் பாலத்தடியில் முப்பத்தேழு பேர். எல்லாரும் கையைத் தூக்கியவர்கள். புகார்க் கடிதம் வரும் என்று பதில்கூட எழுதி வைத்திருந்தேன். வந்தது நன்றிக் கடிதம், கூடவே ஒரு பெட்டி உலர்ந்த பாதாமிப் பழம். பிடிபட்டவர்களைக் காவலில் வைத்துச் சோறு போடும் தொல்லை மிச்சமாம். இன்னும் நூற்றிருபது நாய் வேண்டுமாம்.

பழத்தில் பாதியை ஹே-சுக்குக்குக் கொடுத்தேன். நான் ஒன்றும் தனியாகத் தின்கிறவன் இல்லை. இரண்டு நாள் கழித்து அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அந்தப் பழம் எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுதான் எனக்குக் கொடுத்தீங்களா, சார்?"

"கொட்டை எடுத்ததும்மா, வாய்க்கு இதமா இருக்கும்னுதான்," என்றேன். அவள் கழிப்பறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்ததாக என் செயலாளர் சொன்னாள். பழம் நல்ல பழம்தான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

எட்டு மாத வேலையை அவள் ஐந்து மாதத்தில் முடித்தாள். அந்தத் திருத்தம் இங்கிருந்தே, எட்டு நொடியில், உலகத்தில் உள்ள எல்லா நாய்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வேண்டியது ஒரே ஓர் ஒப்புதல்: ஏற்றுமதி இயக்குநருடையது. செவ்வாய்க்கிழமை சமர்ப்பித்தாள், புதன்கிழமை ராஜினாமா செய்தாள். என் போனில் இரண்டு பொத்தான்களோடு அது வந்து உட்கார்ந்தது. ஒன்று "ஒப்புதல்", மற்றது "நிராகரிப்பு". நான் இரண்டையும் தொடவில்லை. திருத்தம் அனுப்பினால் தப்பு இருந்தது என்று ஆகும். தப்பு இருந்தது என்றால் அந்த முப்பத்தேழு பேரும் நம் தலையில் வந்து விழுவார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்றால் யார் தலையிலும் இல்லை. இன்னொரு ஐந்து மாதம் பரிசீலித்தேன்.

அவள் சும்மா இருந்தாளா? ஒரு நிவாரணக் குழுவோடு சேர்ந்து தென்கரைக்குப் போய்விட்டாள், அங்குள்ளவர்களுக்கு முட்டி போடக் கற்றுக்கொடுக்க. ஒரு வீடியோ பார்த்தேன். பள்ளிக்கூட முற்றம், புழுதி, வரிசையாகக் கிழட்டு விவசாயிகள். இவள் முன்னால் நின்று, "முட்டி போடுங்க ஐயா. கையைத் தேயுங்க. வெக்கப்படாதீங்க, உங்க பேரப்பிள்ளைங்களுக்காகச் செய்யுங்க," என்று கெஞ்சுகிறாள்; பக்கத்தில் ஒருவன் அவர்கள் பாஷையில் சொல்கிறான். அங்கே மனுஷனுக்கு முன்னால் முட்டி போடுவது குலத்துக்கே இழுக்காம். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் பொருளுக்கு இவ்வளவு அக்கறையாக, அதுவும் இலவசமாக, விற்பனைக்குப் பிந்திய சேவை செய்தவர் வேறு யாரும் இல்லை.

அக்டோபர் பதினான்காம் தேதிக்கு வருகிறேன். அதற்குத்தானே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அன்று மதியம் தென்கரையிலிருந்து வாஸ்கெல் என்ற கொள்முதல் அதிகாரி வந்திருந்தார். அடி வாங்குகிறவனுக்குத்தான் தடியின் அருமை தெரியும். அவர்களுக்கும் நாய் வேண்டும். இங்கே நான்கு வருடம் கப்பல் கட்டும் படிப்பு படித்தவர், நம் பாஷையைத் தண்ணீர் மாதிரி பேசுவார். காட்சி அறையில் சாப்பாடு போட்டோம். நாய் வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வடகரை நாய்களின் கண் பார்ப்பதெல்லாம் பராமரிப்புக்காக எங்களுக்கும் வரும். திரையில் போட்டேன். வாடிக்கையாளர் ஒருவரின் படத்தை இன்னொருவருக்குக் காட்டியது ஒப்பந்த மீறல். அதற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வாஸ்கெல் சிப்பிக் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஜின்தோ நாய் மொத எஜமானை சாகுற வரைக்கும் மறக்காதுன்னு இங்க படிக்கிறப்போ சொல்வாங்க. இது யாரை எஜமான்னு நினைக்கும், எங்களையா, உங்களையா?"

"காசு கொடுத்தவங்களைத்தான்," என்றேன்.

"சண்டை நடுவுல நீங்க இங்கேருந்து ஒரு பொத்தானைத் தட்டி நிறுத்திட்டீங்கன்னா? எங்க கதி?"

"அதெல்லாம் முடியாதுங்க. வித்துட்டா விட்டோம். எங்க கையில ஒண்ணும் இல்ல."

அந்த நிமிடம் மேசைக்குக் கீழே என் போன் அதிர்ந்தது. ஹே-சுக். "சீனியர், நாயெல்லாம் ஆத்தைத் தாண்டி சந்தைக்குள்ள வந்துடுச்சு. அறுபது பேரு இருக்கோம். அழுத்துங்க." கம்பெனியில் சேர்ந்தபின் அவள் என்னை சீனியர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குக் கீழே திருத்தத்தின் அதே இரண்டு பொத்தான்கள், ஒன்றைத் தொடும் வரை அதிர்வு நிற்காது.

நிமிர்ந்து பார்த்தேன். திரையிலும் அதே சந்தை. அவள் எல்லாருக்கும் முன்னால் முட்டி போட்டு, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, பின்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். நாய் அவளைத் தாண்டிப் போயிற்று. பாடம் அவ்வளவு கச்சிதம். சிலர் அவளைப் பார்த்து முட்டி போட்டார்கள். அவர்களையும் தாண்டிப் போயிற்று. ஓரத்தில் ஒரு நெட்டைக் கிழவர், பயத்தில் எல்லாம் மறந்துபோய், இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணு உங்க ஊர்க்காரியாச்சே," என்றார் வாஸ்கெல். "தெரிஞ்சவளா?"

"எங்கிட்ட வேலை பார்த்தவ."

"நிறுத்த முடியுமா?"

ஒப்புதலை அழுத்தினால் எட்டு நொடி. கையைத் தூக்கியவர்களைக் கண்டு நாய்கள் அத்தனையும் அவர் கண்ணெதிரே நின்றிருக்கும். இங்கிருந்து நிறுத்த முடியும் என்பதும் பட்டவர்த்தனமாகியிருக்கும். அப்புறம் எந்த நாடு எங்களிடம் வாங்கும்? வெறுமனே விட்டுவைக்கவும் முடியாது. போன் விடாமல் அதிர்ந்தது, அவர் காதில் விழுந்துவிடும். மேசைக்குக் கீழே நிராகரிப்பை அழுத்தினேன். அதிர்வு நின்றது.

"முடியாதுங்க," என்றேன்.

ஹே-சுக் எழுந்துவிட்டாள். அந்தக் கிழவரின் கையைக் கீழே இழுக்க ஓடினாள். அவர் நெட்டை, இவள் குள்ளம். அவர் மணிக்கட்டைப் பிடிக்க இவள் தன் இரண்டு கையையும் தூக்க வேண்டியிருந்தது. மற்றதை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். முட்டி போட்டபடியே இருந்திருந்தால் இன்றைக்கு அவள் உயிரோடு இருப்பாள். எழச் சொன்னது யார்?

வாஸ்கெல் கஞ்சியைத் தள்ளி வைத்தார். விழுந்தவர்கள் அவர் ஜனங்கள். பிறகு, "எங்களுக்கு இருநூறு வேணும்," என்றார். "இதே மாதிரி. எதையும் மாத்தாதீங்க."

இழவு வீட்டுக்குப் போனேன், மேடம். அவள் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். சிறிய உருவம், கணீரென்ற குரல். "எழுந்திருக்காம இருந்திருந்தா பிழைச்சிருப்பான்னு நீ எல்லார்கிட்டயும் சொல்றியாமே. என் பொண்ணு மனுஷி, அதனால எழுந்தா. உனக்கு அது புரியாது. போ." எல்லார் முன்னாலும் என்னை ஒருமையில் பேசினார். துக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்வதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று திரும்பிவிட்டேன். ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு அவமானம்.

நீங்கள் எழுதியதை வாசித்தேன். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கம் சரி. கோளாறு எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது உண்மை. திருத்தத்தை ஐந்து மாதம் வைத்திருந்தது உண்மை. திரையில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது, தெரிந்துதான் நிராகரித்தேன், அதுவும் உண்மை. தெரிந்தவளா என்று கேட்டதற்கு அப்புறம் கடைசி வரை வாஸ்கெல் திரையைப் பார்க்கவே இல்லை, மேடம். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு துளி கலங்கியிருந்தாலும் வியாபாரம் போயிருக்கும். நான் கலங்கவில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் "ஈவிரக்கமின்றி" என்று போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு "பொறுப்புணர்ச்சியோடு" என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.