நெஞ்சு முட்டின விவால்டி

…பூசை வெக்க ஏலாதாம் கா! வேதக் கோயில் சாமியாராப் பட்டம் எடுத்து ஒரு வருசமோ என்னவோ, அதுக்குள்ள மூச்செடுக்க ஏலாம நெஞ்சு முட்டுதாம், இனிப் பூசை வெக்கமாட்டாராம். ஓம் தங்கச்சி, விவால்டி. இத்தாலிக்காரன். பெரிய பாட்டு மேதையாம். செத்து இருநூத்தி எண்பது வருசத்துக்கு மேல. அந்தாளாலதான் நான் இண்டைக்கு இந்த நெஞ்சுக் கிளினிக் வாங்குப் பலகையில குந்திக்கிட்டு இருக்கிறன்.

நீங்க கதைக்காதீங்க, மூச்சிழுக்குது. அந்த மருந்துப் பம்பை வாயில வெச்சு அடியுங்க, நான் கதைக்கிறன். காத்தான்குடியா? ம்… நான் தன்னாமுனை. பேர் சின்னத்தங்கம். எங்கட மாதா கோயில் பாட்டுக் குவயர்ல இருவத்திரெண்டு வருசம் பாடின ஆள். அத விடுங்க…

எங்கட குவயர் மாஸ்டர் ஜெயரூபன். இத்தாலியில ஏழு வருசம் கோப்பை கழுவிப்போட்டு வந்தவர். வரக்குள்ள என்ன கொண்டு வந்தார்? ஒரு கோப்பி மெசின். தேத்தண்ணி குடிக்கிற சனத்துக்குக் கோப்பி மெசின்! மறுகா இந்த விவால்டி. இந்தமுறைத் திருநாளுக்கு அந்தாள்ட லத்தீன் பாட்டுத்தானாம். ஏன், தமிழில பாடினா மாதாவுக்கு விளங்காதோ?

பழகிற நேரமெல்லாம் விவால்டி புராணம். செம்பட்டத் தலையாம். தாய் தகப்பன் இல்லாத பொம்புளப் புள்ளையளுக்கு வயலினும் பாட்டும் பழக்கினாராம். அதுகள் கம்பித் தட்டிக்குப் பின்னால நிண்டு பாட, வெளியூர்ச் சனமெல்லாம் வந்து கேக்குமாம். சரி, நல்லது. ஐநூறு உருப்படிக்கு மேல எழுதினாராம். மத்தவன் பாத்தெழுதி முடிக்கிறதுக்குள்ள நான் புதுசா ஒண்டு போட்டிருவன் எண்டு புழுகுவாராம். அதுக்கெல்லாம் நெஞ்சு முட்டாது! பூசை எண்டாத்தான் முட்டும்! நாடு நாடாப் போவாராம், கூட நாலஞ்சு பொம்புளையள்… ஏனெண்டு கேட்டா, என்ட நெஞ்சு வருத்தம் அவையளுக்குத்தான் தெரியும் எண்டாராம்! கேட்டீங்களா கதைய? எங்கட பாதர் இப்பிடிச் சொன்னா ஊர் விடுமா?

நல்லா இருக்கிற ஆள் நெஞ்சு முட்டுதெண்டு சொல்லுற… ச்சீ.

என்ன? எனக்கு என்ன வருத்தமெண்டா? ம்… பொறுங்க, அதுக்குத்தான் வாறன்.

அந்தப் பாட்டில தனியாப் பாடுற இடம் ஒண்டு இருக்கு. இவ்வளவு வருசமும் தனியாப் பாடுறது நான். ஜெயரூபன் ஆருக்குக் குடுத்தார்? குவயர்ல என்னோட பாடுற புஸ்பத்துக்கு! அவள்ட குரல்… கடலைச் சுருள் பேப்பரைக் கசக்கின மாதிரி. எல்லாருக்கும் முன்னால குடுத்தார் கா. எனக்கு முகமெல்லாம் எரிஞ்சிது. வாயில விவால்டிதான் வந்தார். 'நெஞ்சு முட்டுது மாஸ்டர், எனக்கு ஏலா' எண்டிட்டு இறங்கி வந்திட்டன். வீட்ட வந்து கெஞ்சுவாங்க எண்டு நினைச்சன்.

வந்தாங்க. ஒரு பை தோடம்பழத்தோட வந்தாங்க! 'உடம்புதான் முதல் அக்கா, டொக்டர் சொல்லாமப் பாடவே கூடா' எண்டார் ஜெயரூபன். ஞாயிறு பூசையில பாதர் என்ட பேரைச் சொல்லி, என்ட நெஞ்சுக்காக மன்றாட வெச்சார். முழுக் கோயிலும் முழங்கால்ல! புஸ்பம் அழுதாள். அவள் பொய்க்கு அழல்ல கா. அதுதான்… அதுதான் தாங்க ஏலாமக் கிடக்கு.

முட்டுமில்ல, ஒண்டுமில்ல. காலமை பஸ்ஸுக்குப் பின்னால ஓடி ஏறினன், ஒரு இளைப்பு வரல்ல. அத இப்ப என்னெண்டு போய்ச் சொல்லுற? அதான், இவளுக்கு ஒரு வருத்தமுமில்ல எண்டு டொக்டரிட்ட எழுதின துண்டு ஒண்டு எடுக்க வந்தன். திருநாளுக்குப் பன்னெண்டு நாள் கிடக்கு. தனியாப் பாடுற இடம் வேணாம். பின்வரிசையில, புஸ்பத்துக்குப் பின்னால ஒரு மூலையில நிண்டாக் காணும்.

அந்த விவால்டி கடைசியில வியன்னாவில போய்ச் செத்தாராம். ஏழை எளியதுகளைப் போலக் குழி வெட்டித் தாட்டாங்களாம். அவர் பழக்கின புள்ளையள் ஒண்டும் பக்கத்தில இல்ல. ஆர் போகச் சொன்ன? தானாத்தானே எழும்பிப் போனார்… தானாத்தான்…

ஆ, உங்கட நம்பரைக் கூப்பிடுறாங்க! ஓடாதீங்க தங்கச்சி, மெல்லப் போங்க. இஞ்ச… டொக்டரிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்க. வெளிய வாங்கில ஒருத்தி முக்கால் மணித்தியாலமா நிப்பாட்டாமக் கதைச்சாள், ஒரு இருமல் இல்ல, ஒரு இழுப்பு இல்ல எண்டு. எனக்கு வேற சாட்சி இல்ல கா.