ரிப்பன் கட்டிய பெட்டி

— இப்பல்லாம் அப்படித்தானே பாஸ்டரே. ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கணும்னாலும் போட்டோ எடுக்க ஆள் வந்தாச்சான்னு பார்த்துட்டுத்தான் கையை நீட்டறாங்க. ஆஸ்பத்திரிக்கு ஒருத்தன் சக்கர நாற்காலி கொடுத்தான். முதுகு சாயற இடத்துல அவன் பேரு. நோயாளி உக்காந்தா பேரு மறையுதுன்னு, காலு விளங்காதவனைச் செவுத்தோரம் நிக்க வெச்சுட்டு நாற்காலியை மட்டும் போட்டோ எடுத்தான். என் கண்ணால பார்த்தேன்.

— உக்காருங்க பெரியவரே. நேத்துதான் அடக்கம் முடிஞ்சிருக்கு. வீட்டுல இருக்காம நீங்க எதுக்கு இங்க...

— வீட்டுல யார் இருக்கா? இருந்த ஒரே ஆளை நேத்து மண்ணுக்குள்ள வெச்சுட்டு வந்தோம். நீங்கதானே ஜெபம் பண்ணீங்க. மறந்து போச்சா?

— மறக்கலை.

— அதோ மூலையில ரிப்பன் கட்டி நிக்குதே, அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். அது என்ன?

— ஆக்சிஜன் மெஷின் வந்த பெட்டி.

— யாருக்கு வந்தது?

— உங்க வீட்டம்மாவுக்கு.

— எப்ப வந்தது?

— செவ்வாய்க்கிழமை.

— அவ எப்ப செத்தா?

— வியாழக்கிழமை காலையில.

— இந்த ரூமுக்கும் என் வீட்டுக்கும் நாலு தெரு. ரெண்டு நாள்ல நாலு தெரு தாண்ட முடியலையா அதுக்கு?

— என் தப்புதான் பெரியவரே.

— உங்க தப்பு பாதி. மீதிக்கு ஆளு வருது பாருங்க. வாங்க, மர டிப்போ அம்மா. உங்க பொருள் பத்திரமா இருக்கு. ஒரு தூசி கூடப் படலை.

— அண்ணே, நேத்து கல்லறையில உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு நின்னேன்.

— பேசத்தான் போன ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடிச்சுப் பேசினீங்களே. ஆண்டவர் என்னை ஏவினார், அடுத்த வாரம் ஆராதனை முடிஞ்சு யாரும் போயிடாதீங்க, இந்த ஏழைச் சகோதரிக்கு என் கையால மூச்சு கொடுக்கப் போறேன்னு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவ பின் பெஞ்சுல தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பக்கத்துல இருந்தவன் நான்.

— சொன்னேன் அண்ணே. சொல்லியிருக்கக் கூடாது.

— மெஷின்ல ஒட்டறதுக்குப் பித்தளைத் தகடு வேற. எழுத்து வெட்டறவன் என்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறான். உங்க பேரு நீளமாம், ஒரு வரியில அடங்கலையாம்.

— ஆமா. செய்யக் கொடுத்தேன்.

— பாஸ்டரே, புதன்கிழமை இதே மேஜைக்கு முன்னால நின்னு நான் கேட்டேனா இல்லையா? படுத்தா மூச்சு நின்னுடுதுன்னு உக்காந்தே கிடக்கா, மெஷினை இப்ப கொடுங்க, ஞாயிற்றுக்கிழமை நானே தோள்ல சுமந்து திருப்பிக் கொண்டாந்து வெக்கறேன், நீங்க ரிப்பனை வெட்டிக்கங்கன்னேன். மானம் மரியாதையை விட்டுக் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?

— ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்கன்னு சொன்னேன்.

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னீங்களா?

— இல்லை. தரையைப் பார்த்துச் சொன்னேன்.

— அதையாவது ஒத்துக்கறீங்களே.

— ஐயா, என்னால முடியலை. நான் சொல்லிடறேன். அண்ணே, நடந்தது என்னன்னா...

— சிஸ்டர். வேண்டாம்.

— என்ன வேண்டாம்? பேச விடுங்க. பெரிய இடத்துப் பேச்சு எப்படி இருக்கும்னு கேட்டுட்டுப் போறேன்.

— ஒண்ணுமில்லை அண்ணே. மன்னிச்சுக்கங்கன்னு சொல்ல வந்தேன்.

— அதையும் நாளைக்கு மைக்குல சொல்லுங்க. நாலு பேர் பாராட்டுவாங்க.

— பெரியவரே, உங்க கோபம் நியாயம்தான்.

— நியாயத்தை நீங்க பேசாதீங்க. அவளுக்கு நெஞ்சு எப்படிக் கெட்டுச்சு? இருபத்தாறு வருஷம் என் சாணைப் பட்டறையில தூசி பெருக்கினா. இரும்புத் தூள், கல்லுத் தூள். முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுப் பெருக்குவா. முந்தானை எவ்வளவு தூசியைத் தடுக்கும்?

— உங்க தம்பியும் அதே பட்டறைதானே.

— அவன் பேச்சை எடுக்காதீங்க. வேலைக்காரன் ஒருத்தனுக்குக் கை போச்சு. விசாரிக்க வந்த அதிகாரி முன்னாடி, சாணைக்கல் மேல இருந்த மூடியைக் கழட்டச் சொன்னது எங்க அண்ணன்தான்னு நின்னு சொன்னான். பட்டறையைப் பூட்டி சீல் வெச்சாங்க. பன்னண்டு வருஷம் ஆச்சு. இந்த வயசுல நான் கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா உக்காந்து போற வர்ற வண்டிக்கு சலாம் போடறேன்.

— அவர் சொன்னது பொய்யா பெரியவரே?

— பொய்யா நிஜமாங்கறதா பேச்சு? கூடப் பொறந்தவனைக் காட்டிக் கொடுக்கலாமா? சரி, அது போகட்டும். நேத்து வந்தானா? அண்ணி அண்ணின்னு அவ கையால சாப்பிட்டு வளர்ந்தவன். பொண்டாட்டியையும் ரெண்டு பொண்ணுங்களையும் அனுப்பிட்டு வீட்டுல படுத்துக்கிட்டான். ஒரு பிடி மண்ணு போட வரலை.

— அவருக்கும் மூச்சு முட்டல்தான். எழுந்து நடக்க முடியலை.

— தவழ்ந்து வரணும். நானா இருந்தா வந்திருப்பேன்.

— எங்க போறீங்க? பெரியவரே, அந்தப் பெட்டிகிட்ட எதுக்கு...

— திறந்து பார்க்கப் போறேன். என் பொண்டாட்டி உயிரு என்ன நிறத்துல இருக்குன்னு பார்க்கணும்.

— தொடாதீங்க அண்ணே.

— ஏன்? நகருங்க.

— நகர மாட்டேன். தொடாதீங்க. ரிப்பன்... ரிப்பன் கசங்கிடும்.

— கேட்டீங்களா பாஸ்டரே.

— கேட்டேன்.

— பொணத்தைப் புதைச்ச மறுநாள். ரிப்பன் கசங்கிடுமாம். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?

— இல்லை பெரியவரே. சிஸ்டர் சொன்னதே இருக்கட்டும்.

— நல்லா இருக்கய்யா உங்க கூட்டு. மூணு வாரம் முன்னாடி, மறைவா கொடுக்கணும்னு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணது நீங்கதானே? யாருக்குப் பண்ணீங்க, எங்களுக்கா? எங்ககிட்ட மறைக்கவே ஒண்ணும் இல்லையே.

— எனக்கும் சேர்த்துத்தான் பண்ணினேன்.

— நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நான் எழுந்திருப்பேன். யார் தடுத்தாலும் உக்கார மாட்டேன்.

— யாரும் தடுக்க மாட்டாங்க. மைக்கை நானே கொண்டுவந்து தர்றேன்.

— இவங்களைக் கொலைகாரின்னு சொல்வேன். பேரைச் சொல்லி, எல்லார் முன்னாடியும்.

— சொல்லுங்க அண்ணே. நான் முன் பெஞ்சுல உக்காந்திருப்பேன்.

— கண்ணைத் துடைச்சுக்கங்க. எனக்கு அதெல்லாம் வேண்டாம். அவ கடைசியா என்ன சொன்னா தெரியுமா? அவங்களைத் திட்டாதீங்க, ஒருத்தர் மனசு இன்னொருத்தருக்கு என்ன தெரியும்னா. இழுத்து இழுத்து, ஒவ்வொரு வார்த்தையா. அதைச் சொல்றதுக்குச் செலவழிச்ச மூச்சுல இன்னும் அரை மணி நேரம் இருந்திருப்பா. விவரம் பத்தாத பொம்பளை. எனக்கு விவரம் பத்தும். கொடுக்கறதுக்குன்னு நீளற கை எல்லாம் எதையோ வாங்கத்தான் நீளுது. சும்மா கொடுத்த ஒருத்தரை எழுபத்தோரு வயசுக்கு நான் பார்த்ததில்லை. காட்டுங்க பார்ப்போம் ஒருத்தரை.

— காட்ட முடியாது பெரியவரே.

— முடியாது. இருந்தாத்தானே காட்டுவீங்க.

— போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணட்டுமா?

— நீங்க ரெண்டு பேரும் பண்ணிக்கங்க. உங்களுக்குத்தான் அது வேணும். நான் போறேன்.

— போயிட்டாரா ஐயா?

— கேட்டைத் தாண்டிட்டார். திரும்பிப் பார்க்கலை.

— வேற எதுவும் வாயில வரலை ஐயா. பெட்டியைத் திறந்திருந்தா வெறும் பெட்டின்னு தெரிஞ்சு போயிருக்கும்.

— தெரியும் சிஸ்டர். கஷ்டமா இருந்தா நாளைக்கு வராதீங்க.

— வர்றேன். என் பிள்ளைங்களும் வருவாங்க, கேக்கட்டும். அவர் சொன்னதுல பாதி நிஜம்தானே. செவ்வாய்க்கிழமை நீங்க டிப்போவுக்கு வந்து என்னைத் திட்டலைன்னா மெஷினை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வெச்சுத்தான் இருந்திருப்பேன். அந்தம்மாவுக்குன்னு அப்புறம் சொல்லி வெச்சோமே, அந்த ரெண்டாவது மெஷினும் வந்துடுச்சாம் ஐயா. நேத்து, அந்தம்மாவைக் குழியில இறக்கிக்கிட்டிருக்கறப்ப, லாரி ஆபீசுலேருந்து போன் வந்தது.

— அப்படியா.

— அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என் பேரைக் காப்பாத்தச் சொல்லலை. அந்தம்மா எப்படிப்பட்ட மனுஷின்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?

— சொன்னா இங்கேருந்து நேரா யார் வீட்டுக்குப் போவார்? அன்னைக்கு மெஷினைத் துணியில சுத்திக் கொண்டுபோனது நாம ரெண்டு பேரும்தானே. மூக்குல குழாயை வெச்சு ஒரு நிமிஷம் இழுத்துப் பார்த்துட்டு அந்தம்மா என்ன சொன்னாங்க, மறந்துட்டீங்களா?

— மறக்கலை ஐயா. நல்லாத்தான் இருக்கு, இவர் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போய் என் கொழுந்தனுக்கு மாட்டி விடுங்க, அவன் பொண்ணுங்க இன்னும் சின்னது, இவருக்குத் தெரிஞ்சா அவன் மூக்குலேருந்து பிடுங்கிடுவார்னு சொன்னாங்க.