சிவப்பு வாசலுக்கு வெளியே

— அங்கியே நில்லு மாமா. அந்த செவப்பு வாசலத் தாண்டாத.

— ஏன் கவியா? கியோட்டோவுலியே ரொம்பப் பழைய கோயிலாம் இது. ரெண்டு ரயிலு மாறி வந்துக்கிறேன்.

— வெளிய நின்னே போன்ல காட்டு. நல்லாத்தான் தெரியுது.

— வேடிக்க காட்டவா வந்தேன்? நாளன்னிக்கு பரிச்ச. பாஸானாதான் முதியோர் இல்லத்துல என்னிய வேலைக்கு வெச்சிக்குவாங்க. மூங்கில் கரண்டியில கை கழுவிட்டு, ரெண்டு தடவ கையத் தட்டிக் கும்புட்டா முடிஞ்சிது.

— பரிச்ச முடிஞ்சி கும்புட்டுக்கலாம்.

— முடிஞ்சப்பறம் கும்புட்டு இன்னாத்துக்கு? எந்த ஊரு சாமின்னாலும் ஒரு கும்புடு போடுன்னு போன வாரம் நீதான சொன்ன?

— அது போன வாரம்.

— இந்த வாரம் சாமி மாறிடுச்சா?

— உள்ள செலையே இல்லன்னு சொன்னியே. எதுன்னே தெரியாம எப்பிடிக் கும்புடுவ?

— நம்ம கல்வராயன் மலையில மட்டும் செலையா வெச்சிக்கிறோம்? மூணு கல்லுதான. சரி, அம்மாகிட்ட குடு. அவங்க சொல்லட்டும்.

— அத்த சின்னசேலம் போயிருக்காங்க. கண்ணு காட்ட.

— நேத்தும் சின்னசேலம்தான் சொன்ன. அப்பா?

— அவரும் கூடத்தான்.

— ரெண்டு பேரும் போய்ட்டா மாட்ட யாரு ஓட்டிக்கினு போறது? சரி, வுடு. நீ சாப்ட்டியா?

— ம். சித்தி வூட்லேர்ந்து கொண்டாந்தாங்க.

— சித்தி எதுக்கு நம்ம வூட்டுக்கு சோறு கொண்டாரணும்?

— கேஸு தீந்துடுச்சி மாமா.

— வெறவு அடுப்புமா தீந்துடுச்சி? போன கொஞ்சம் தள்ளிப் புடி. வந்ததுலேர்ந்து மூஞ்சியவே காட்டிக்கினு இருக்கிற. பின்னால இன்னா அது, நாற்காலியா அடுக்கிக் கெடக்குது?

— பக்கத்து வூட்ல மஞ்சத்தண்ணி. எடம் இல்லன்னு இங்க போட்டாங்க.

— பக்கத்து வூட்ல ரெண்டும் பையங்க கவியா.

— மாமா, கேள்வியா கேக்காத. உனக்குப் புண்ணியமாப் போவும், கோயிலுக்குள்ள மட்டும் போயிடாத. சாமி குத்தம் ஆயிடும்.

— நான் போனா சாமி குத்தமா?

— ஆமா.

— எத்தினி நாளைக்குப் போவக் கூடாது?

— பதினாறு நாளைக்கு. மாமா? தரதான் தெரியுது, லைன்ல இருக்கிறியா?

— இருக்கிறேன். உள்ள போவல. வாசலுக்கு வெளியத்தான், தரையில குந்திக்கினேன்.

— பரிச்ச முடியட்டும்னுதான் மாமா...

— சரி. இப்ப சொல்லு. அம்மாவா, அப்பாவா?