கீழ்த்தாடைப் படம்

— வாயைத் திறக்கச் சொல்லாதீங்க, டாக்டரம்மா. திறந்தா வேலையை ஆரம்பிச்சிடுவீங்க.

— எந்த முறைன்னு நீங்க சொல்லாம கையே வைக்க மாட்டேன் ஐயா.

— அப்ப இன்னொரு தடவை சொல்லுங்க. நேத்து சொன்னதும் இன்னிக்குச் சொல்றதும் ஒண்ணான்னு பாக்கணும்.

— முதல் முறையில ஈறைக் கீறி விலக்கி, எலும்பைக் கண்ணால பாத்துத் துளை போட்டு, பொய்ப்பல்லைத் தாங்குற திருகாணியை இறக்கித் தையல் போடுவோம். ஒரு வாரம் வீங்கும். ரெண்டாவதுல கீறலே இல்லை. ஸ்கேன் படத்தை வச்சு ஒரு அச்சு செஞ்சு, ஈறு மேல மாட்டி, அதுல இருக்கிற ஓட்டை வழியா நேரா துளை. வலி கம்மி.

— எலும்பு தெரியுமா?

— தெரியாது. படம்தான் கண்ணு.

— அங்கதான் இடிக்குது. முப்பது வருஷம் போர்க்கிணறு போட்டவன் நான். இங்க தண்ணி, இங்க பாறைன்னு படம் வரைஞ்சு கொடுத்தவன் எத்தனை பேரு! படத்தைப் படிச்சுட்டா மண்ணு உக்காந்திருக்கு?

— இது தாடைங்கய்யா. அரை மில்லிமீட்டர் பிசகாது.

— பிசகினா?

— உள்ளே ஒரு நரம்பு ஓடுது. அதுல பட்டா கீழ் உதடு மரத்துடும். சிலருக்குச் சரியாகாமலே போகும்.

— கேட்டாத்தானே வருது வாயில இருந்து!

— உங்க வீட்டம்மா ஒரு கேள்வி கேக்கலை. அச்சு முறையே போதும்னு பக்கத்து அறையில பெரிய டாக்டர்கிட்ட உக்காந்துட்டாங்க.

— அவ காய்க்காரன் சொல்ற எடையையே நம்புறவ. எங்க, என் படத்தைக் காட்டுங்க. என் தாடைதானான்னு பாத்துக்கறேன்.

— இதுலயுமா சந்தேகம்? நேத்து ரெண்டு பேருக்கும் ஒரே போன் நம்பர்ல பதிஞ்சு எடுத்தது. இந்தாங்க.

— முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதே?

— கீழ்ப்பல் பல பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

— எனக்கு இல்லை. இப்பத் திறக்கறேன், நல்லாப் பாருங்க. ஆ...

— ஐயா...

— ஏன் மூஞ்சி வெளுக்குது? இது அவ பல்லு. நாப்பது வருஷமா சிரிக்கும்போதெல்லாம் கையை வச்சு மறைப்பாளே, அந்தப் பல்லு.

— இது அவங்க படம்னா, பெரிய டாக்டர் அச்சு செஞ்சது...

— என் படத்தை வச்சு. எந்திரிங்கம்மா, ஓடுங்க! சுவத்துக்கு அந்தப் பக்கம் துளை போடுற மிஷின் சத்தம் கேக்குது.