குஞ்சைத் தேடிய பறவையும் அனிற்றாவும்

அவையை அணிசெய்யும் தலைவர் மயில்வாகனம் ஐயா அவர்களே! பள்ளிவாசல் பெரியோர்களே, பங்குத்தந்தை அவர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! இறைவனின் சாந்தி உங்கள் மீது இறங்கட்டும். ஸுலைஹா டீச்சராகிய என் வணக்கம் உங்களை வந்தடையட்டும்!

எஹலியகொடவில் இன்று சிறுவர் வாசிப்பறை திறக்கிறோம். இங்கே படம் போட்ட இஸ்லாமியக் கதைகள் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற மழையில் மலை சரிந்து, தோட்டக் குடியிருப்பு வரிசையான லயம் புதைந்தது. தோட்டத் தொழிலாளி யோசப்பின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் மகள் அனிற்றா என் வகுப்புப் பிள்ளை. அன்றோடு அவள் பேச்சு அடங்கியது. அவள் அழவும் இல்லை. பாடிப் பார்த்தேன், பரிசு கொடுத்துப் பார்த்தேன். பலித்ததா? இல்லை!

ஒருநாள் ஒரு கதைப்படத்தை விரித்தேன். பயணத்தில் நபிகளாரின் தோழர்கள் சிலர் கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடிக்கிறது. “இதை வருத்தியது யார்? குஞ்சுகளைத் திருப்பிக் கொடுங்கள்” என்கிறார்கள் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். படத்தில் பறவையும் வெறுங்கூடும் மட்டுமே.

“பறவை எங்கே பார்க்கிறது, பிள்ளைகளே?”

“கூட்டப் பாக்குது டீச்சர்!”

கடைக்காரர் சாலியின் மகள் இஸ்ரா மட்டும் பின்னால் திரும்பினாள். “டீச்சர், அனிற்றாவும் இப்படித்தான். எந்நேரமும் அந்த மலையத்தான் பாக்குறா.”

நானும் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே சரிந்து கிடந்தது செம்மண். தினமும் அந்த வகுப்பில் நிற்கும் நான் காணாததை அந்தப் பிள்ளை கண்டாள்!

இஸ்ரா எழுந்துபோய் அவளருகே அமர்ந்தாள். அனிற்றாவின் உதடு அசைந்தது.

“குஞ்சு திரும்ப வந்துருச்சு. எங்கப்பா ஏன் வரல?”

சபையோரே, யாரிடம் உண்டு பதில்? என்னிடம் உண்டா? உங்களிடம் உண்டா?

“எனக்குத் தெரியல, அனிற்றா” என்றாள் இஸ்ரா. சொல்லிவிட்டு விம்மினாள். அனிற்றாவும் கதறினாள். அத்தனை நாள் அடைபட்ட அழுகை அது!

இதோ, முன்வரிசையில் அனிற்றாவின் தாய் லூர்தம்மா ஏதோ சொல்கிறார். உரக்கச் சொல்லுங்கள் அம்மா!

“அன்னைக்குத்தாங்க டீச்சர், புள்ள வாயத் தொறந்து சோறு கேட்டுச்சு.”

கேட்டீர்களா? யோசப் வரமாட்டார். எந்தக் கதையும் அவரை மீட்டுத் தராது. அனிற்றா இன்னும் மலையைத்தான் பார்க்கிறாள். ஆனால் தனியாகப் பார்க்கவில்லை! பெற்றோரே, படத்தைக் காட்டுங்கள், பதறாமல் பார்க்கவிடுங்கள். பதில் தெரியாத துயரத்தின் பக்கத்தில் அமரப் பழக்குங்கள்!

கண்ணீரோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. அமைதி உங்கள் இல்லங்களில் தங்கட்டும்!