ஓரம் வெட்டின ரொட்டி

உக்காராத, நில்லு. அந்த நாற்காலி திருவிருந்துத் தட்டு வைக்கிறதுக்கு. பாஸ்டர்தானே அனுப்புனாரு? செத்துப்போன புள்ளையோட அம்மாகிட்ட மொதல்ல மன்னிப்பு கேளு, அப்புறம் வந்து ரொட்டியும் திராட்சரசமும் எடுன்னு. கேட்டுட்ட, சரி. பதில் சொல்ல நேரமாகும். இன்னும் ரெண்டு ரொட்டிக்கு ஓரம் வெட்டணும்.

சும்மாதானே நிக்கிற, தட்டைப் பிடி. எவ்வளவு கவனமாப் பிடிக்கிற. வேன் ஓட்டும்போது இந்தக் கவனம் இல்லையே.

ஜெயில்ல ஆண்டவர் உன்கூடப் பேசினாராமே. அதானே பாத்தேன், ஏழு வருஷமா எங்க வீட்டுப் பக்கம் ஆளையே காணோம், அங்கதான் இருந்திருக்காரு. போன வாரம் நீ சாட்சி சொன்னப்ப சபையே அழுதுச்சு. மூணு வருஷம் குடிக்காம இருந்தேன், ஒரே ஒரு சனிக்கிழமை தவறிட்டேன்னு சொன்ன பாரு, பாட்டுக்காரம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானையே நனைஞ்சுபோச்சு. நல்லாத்தான் சொன்ன. எம்பொண்ணு பேரை மட்டும் சொல்ல மறந்துட்ட.

அழாத. ரொட்டி நனையும்.

மன்னிச்சேன்னு சொல்லணும், அவ்வளவுதானே? மன்னிச்சேன். ஐயய்ய, காலைத் தொடாத, கையில கத்தி இருக்கு. போய் வாங்கிச் சாப்பிடு.

என்ன கேட்ட? நான் ஏன் எடுக்கிறதில்லையா? ஓ, கடைசி பெஞ்சுல உக்காந்து இதத்தான் பாத்துட்டிருந்தியா. ஆமா, எடுக்கிறதில்ல. ஏழு வருஷமா வாரா வாரம் நான்தான் வெட்டுறேன், ஒரு துண்டு என் வாய்க்குள்ள போனதில்ல. தட்டு வந்தா ஜெபம் பண்ற மாதிரி தலையைக் குனிஞ்சிக்குவேன். பாஸ்டருக்கே தெரியாது.

உம்மேல இருக்கிற கோவம்னு நினைச்சுக்காத. அவ்வளவு பெரிய ஆளில்ல நீ.

அன்னிக்கு நீ ஞாயிறு பள்ளி வேன் கதவைத் திறந்தப்பவே வாய் நாறுச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அவளும் சொன்னா, அம்மா, நான் உன்கூட நடந்தே வரேனேன்னு. அவ நடைக்கு நடந்தா எப்ப வந்து ரொட்டி வெட்டுறது? ரெண்டு அதட்டு அதட்டி, நான்தான் தூக்கி உள்ள உக்கார வச்சேன்.

யார்கிட்டயும் சொன்னதில்ல இத. உனக்காவது வந்து மன்னிப்பு கேக்க நான் இருந்தேன்.

மணி அடிக்குது பாரு. தட்டை உள்ள கொண்டு போ. நேராப் பிடி.